கார்னெட் அய்யாவுக்கு ஏன் இத்தனை தாகம்

பெங்களூர் அல்சூர் கடைவீதியில் கல்யாண ஊர்வலம் வருகிறது என்றால், மாப்பிள்ளை சிவப்பா கறுப்பா, கார் சொந்தமா வாடகையா என்பதெல்லாம் ஜனங்களுக்குப் பிறகுதான். முதலில் காதில் விழுவது கார்னெட் என்ற பித்தளை ஊதுகுழல். ஊதுவது அய்யாவு என்று தெரிந்தால் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். வேறு யாராவது என்றால் ஜன்னலோடு சரி.

அய்யாவு ஜோகுபாளையத்துக்காரர். மீசை முளைப்பதற்கு முன்பே பட்டாள பேண்டில் சேர்ந்தவர். வெள்ளைக்கார பேண்டு மாஸ்டரிடம் திட்டு வாங்கி வாங்கி, தாளில் எழுதிய இசையைப் படிக்கக் கற்றுக்கொண்டார். தமிழ் எழுத்து அவ்வளவு சரளமாக வராது. நாற்பத்தேழில் வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டியபோது பேண்டும் கலைந்தது. புதிய பேண்டில் இளவட்டங்களைத்தான் எடுத்தார்கள். அய்யாவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது.

வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ஞானசேகரனுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. வேலை போன பேண்டுக்காரர்களை ஒன்றுசேர்த்து, சிவப்புக் கோட்டு தைத்துக் கொடுத்து, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அனுப்ப ஆரம்பித்தார். ஞானசேகரனுக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கையில் ஒரு வெள்ளிப் பூண் போட்ட குச்சி வைத்திருந்ததால் எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றார்கள்.

அந்த பேண்டில் முதல் கார்னெட்டுக்கு ஓர் இடம் உண்டு. மற்ற எல்லோருக்கும் ஒரு கை தூரம் முன்னால், தனியாக, தெருவின் நடுவில் நடப்பது. கூட்டம் முதலில் பார்ப்பது அந்த முகத்தைத்தான். ஆரம்பித்த நாள் முதல் அது அய்யாவின் இடம். இரண்டாவது கார்னெட் சிரில், அடுகோடி என்ற பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தவன். வயசு முப்பதுகூட ஆகவில்லை. அவன் இடம் பெரிய டிரம்முக்குப் பின்னால். டிரம் வாசிப்பவரின் முதுகைத் தவிர அவன் எந்த ஊர்வலத்திலும் எதையும் பார்த்ததில்லை.

ஐம்பதைத் தாண்டியபின் அய்யாவுக்கு வாய் உலர ஆரம்பித்தது.

கார்னெட் ஊதுகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. உதடு காய்ந்தால் குழல் பேசாது. காற்று மட்டும் புஸ்ஸென்று போகும். பேண்டுக்காரர்கள் இதற்கு ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார்கள். கன்னத்தில் ஒரு கற்கண்டை ஒதுக்கிக்கொள்வது. எச்சில் ஊறும், நாக்கு புரளும். இளம் வயதில் ஓர் ஊர்வலத்துக்கு ஒரு துண்டு போதுமாயிருந்தது. இப்போது கோட்டுப் பை நிறைய எடுத்துப்போனாலும் பாதித் தெருவிலேயே தீர்ந்துவிட்டது.

வாய் உலர்ந்தால் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டும். ஊர்வலத்தின் முன்னால் சிவப்புக் கோட்டோடு நடக்கிறவர் எங்கே ஒதுங்குவார்? அய்யாவு ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்தில் சந்தும் பின்னால் கொல்லையும் உள்ள வீட்டு வாசல் வந்ததும் கையைத் தூக்குவார். பேண்டு நிற்கும். கிளாரினெட்டும் டிரம்மும் நின்ற இடத்திலேயே பாட்டைத் தொடரும். அய்யாவு சந்துக்குள் போய், வேலையை முடித்துக்கொண்டு வந்து, சந்தேகம் வராமலிருக்க அந்த வாசலைப் பார்த்து ஒரு பாட்டு ஊதிவிட்டு நடப்பார்.

வீட்டுக்காரர்கள் பூரித்துப்போனார்கள். ஊரே பார்க்க, பேண்டு தங்கள் வாசலில் நின்று தங்களுக்கென்று ஊதுகிறது! அல்சூரில் வாசலில் நின்ற பேண்டை வெறுங்கையோடு அனுப்புவது கௌரவக் குறைச்சல். ஒரு வீட்டில் பானகம் வந்தது. அடுத்த வீட்டில் கலர் சோடா. தையல் வேலை செய்யும் கேத்தரின் அம்மாள் வீட்டில் பெரிய ஜாடி நிறைய நன்னாரி சர்பத். இங்கிதத்துக்காகவும் தாகத்துக்காகவும் அய்யாவு எல்லாவற்றையும் குடித்தார். தாகம் சர்பத்தைக் கேட்டது. சர்பத் கொல்லையைக் கேட்டது. கொல்லைக்குப் போய்விட்டு வந்தால் மறுபடி தாகம்.

மாஸ்டருக்கு ஆரம்பத்தில் சந்தோஷம்தான். நின்று ஊதிய வீடுகளிலிருந்து கல்யாண பேண்டுக்கு ஆள் தேடி வந்தார்கள். அய்யாவுக்கும் குறை தெரியவில்லை. சிவப்புக் கோட்டு தொளதொளத்ததைக்கூடப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா பாஞ்சாலி, பட்டாளத்துல இருந்த இடுப்பு திரும்பி வந்துடுச்சு" என்றார் மனைவியிடம்.

பாஞ்சாலி மில்லில் நூல் சுற்றும் வேலை செய்தவள். இழை எங்கே மெலிகிறது என்று விரலாலேயே கண்டுபிடிப்பவள். கோட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "இடுப்பு வந்துச்சு, சரி. தோளு எங்கய்யா போச்சு?"

அய்யாவு உப்பிய கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். கற்கண்டு வாயில் இருந்தது.

விஷயம் வெடித்தது மரவாடி வெங்கடசாமி வீட்டுக் கல்யாணத்தில். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. சாயங்காலம் நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் மாப்பிள்ளை சத்திரத்துக்குள் காலை வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தூரம் ஒன்றும் பிரமாதம் இல்லை. நொண்டிக்கொண்டு போனாலும் போய்விடலாம். ஆனால் அன்றைக்கு வெயில் கொளுத்தியது. அய்யாவு கையைத் தூக்கினார், நின்றது. மறுபடி தூக்கினார், நின்றது. வீட்டுக்கு வீடு சர்பத். கடைசியில் சத்திரத்து வாசலில் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றபோது, உள்ளேயிருந்து பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் கடிகாரத்தோடு ஓடிவந்து இரண்டு கைகளையும் விரித்துத் தடுத்தார். ராகுகாலம் பிறந்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

ஆறு மணி வரை மாப்பிள்ளை திறந்த காரிலேயே உட்கார்ந்திருந்தார். நெற்றிச் சந்தனம் மூக்கு வழியாக இறங்கியது. ஒருவர் குடை பிடித்தார், ஒருவர் விசிறினார். வாசலில் மாப்பிள்ளை இருக்கும்போது வாத்தியம் நிற்கக் கூடாது என்றார்கள். எனவே பேண்டு ஒன்றரை மணி நேரம் நின்றபடி ஊத வேண்டியதாயிற்று. அய்யாவின் உதடு காகித அட்டைபோல் ஆகிவிட்டது. ஓர் உச்ச சுரத்தைத் தொடப் போனபோது கார்னெட்டிலிருந்து வாத்துச் சத்தம் வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளையே சிரித்துவிட்டார்.

வெங்கடசாமி மட்டும் சிரிக்கவில்லை. "இன்னா மாஸ்டர், இது பேண்டா பஸ்ஸா? ஸ்டாப்பு ஸ்டாப்பா நின்னு வருது!"

மறுநாள் ஞானசேகரன் சைக்கிள் கடையில் வைத்து அய்யாவைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ் அய்யாவு, உனக்கு இன்னாதான் ஆச்சு? அரை ஃபர்லாங்கு தாங்கமாட்டேங்கிற."

"வெயிலு மாஸ்டர்."

"வெயிலு எல்லார் மேலயும்தான் அடிக்குது. பெரிய டிரம்மு முனியப்பன் நின்னானா? சிரில் நின்னானா?"

"சிரிலு நிழல்ல வர்றான். டிரம்மு நிழலு."

"அப்போ நீயும் நிழலுக்குப் போ. இத பாரு, ராமநவமி வருது. பஜனைக்கூடத்து ஊர்வலம். கடைவீதில புறப்பட்டு ஏரிக்கரை வரைக்கும் நடு வழில நீ ஒரே ஒரு தடவை கையத் தூக்கி நிறுத்தினாலும், அன்னிலேருந்து முன்னாடி இடம் சிரிலுக்கு. நீ டிரம்முக்குப் பின்னாடி. சொல்லிட்டேன்."

அய்யாவு வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து யோசித்தார். கணக்கு எளிதாகத்தான் தெரிந்தது. குடிப்பதால் ஒதுங்க வேண்டியிருக்கிறது. குடிக்காவிட்டால்? மறுநாள் முதல் தண்ணீரைக் கூடியவரை நிறுத்தினார். வாய் உலருமே என்று கற்கண்டை இரட்டிப்பாக்கினார். ஊதுகிறவர்களின் வைத்தியத்தில் இதைவிடச் சரியான யோசனை இருக்க முடியாது. உடம்புக்கு இதைவிடத் தப்பானதும் இருக்க முடியாது.

சில நாளில், ஜோகுபாளையத்துக் கொட்டகையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது அய்யாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாய்ந்தார். சிரில் பாய்ந்து பிடித்தான், கார்னெட்டை.

"டேய், ஆளைப் புடிடா!" என்று கத்தினார் டிரம்மு முனியப்பன்.

"ஆளு எழுந்துப்பாருண்ணே. கார்னெட்டு நசுங்கினா வேற எங்க போறது?"

தரையில் கிடந்த அய்யாவு கண்ணைத் திறக்காமலே, "சரியாத்தான் செஞ்சிருக்கான்" என்றார்.

பாஞ்சாலி அன்றைக்கு மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, புருஷனைக் கையோடு டாக்டர் பாகீரதியிடம் இழுத்துப்போனாள். பாகீரதியின் தகப்பனார் மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். மகள் டாக்டருக்குப் படித்து, அல்சூரில் ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்தார். பாதி நோயாளிகளிடம் தமிழ், மீதிப் பேரிடம் கன்னடம், கம்பவுண்டரிடம் இங்கிலீஷ். பேச்சு எதுவானாலும் வேகம் ஒன்றுதான்.

"ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?"

"எங்கே தூங்கறாரு டாக்டரம்மா, எழுந்திருக்க?" என்றாள் பாஞ்சாலி.

டாக்டர் சிரித்துக்கொண்டே சிறுநீர் பிடித்துவரச் சொன்னார். ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம் கொஞ்சம் ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் கலங்கியது. பச்சையாயிற்று. மஞ்சளாயிற்று. ஆரஞ்சாயிற்று. கடைசியில் செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி நின்றது.

"நம்ம கோட்டு கலரு" என்றார் அய்யாவு, வியப்போடு.

"அந்தக் கலரு வரக்கூடாது. நீலம் நீலமாவே இருக்கணும். இது சக்கரை வியாதி அய்யாவு. உடம்புல எரிய வேண்டிய சக்கரை எரியாம ரத்தத்துல நிக்குது. அதை வெளியே தள்ள உடம்பு தண்ணியக் கூட்டிக்கிட்டுப் போகுது. அதான் தாகம், அதான் ஒதுங்கறது, அதான் இளைச்சது. நீங்க தண்ணிய நிறுத்தினது பெரிய தப்பு. கற்கண்டு அதைவிடப் பெரிய தப்பு."

அய்யாவு குழாயை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார்.

"டாக்டரம்மா, இந்தக் கற்கண்ட நான் பதினாலு வயசுலேருந்து தின்றேன். சர்பத்தும் நேத்திக்கு ஆரம்பிச்சதில்ல. அப்போல்லாம் ஒண்ணும் ஆகலியே? கற்கண்டு மாறலியே?"

கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். வெளியே பெஞ்சில் கூட்டம் இருந்தது. ஆனால் டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"கற்கண்டு மாறல, நீங்க மாறிட்டீங்க. வயித்துக்குப் பின்னாடி கணையம்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள தீவு தீவாச் சின்னச் சின்ன செல்லுங்க. அதுங்கதான் இன்சுலின் சுரக்குது. இன்சுலின் வந்தாத்தான் சக்கரை தசைக்குள்ள போகும். சின்ன வயசுல நீங்க கற்கண்டு போட்ட உடனே அதுங்க துள்ளி எழுந்து வேலையப் பாத்துடும். வயசு ஏற ஏற, எழுந்திருக்கவே நேரமாகுது. எழுந்தாலும் பழைய அளவு சுரக்கறதில்ல. சுரந்ததையும் உடம்பு முன்ன மாதிரி மதிக்கறதில்ல."

"அப்போ எங்க பேண்டு மாதிரின்னு சொல்லுங்க. ஆளு கிழடாயிட்டான்."

"கிழடாகல. லேட்டா வர்றான். வந்தாலும் முழுப் பாட்டும் ஊத மூச்சு இல்ல."

"அதுக்குன்னு ஆள மாத்திடறதா?" அய்யாவின் குரல் சட்டென்று ஏறியது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பாஞ்சாலி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ராமநவமி விஷயத்தைச் சொன்னாள்.

"மாஸ்டர் வேணா உங்களை மாத்தலாம். உள்ளே இருக்கற செல்லை நான் மாத்த முடியாது. இருக்கறதை வெச்சுத்தான் ஓட்டணும். அதுக்குச் சுமையைக் குறைக்கணும். கற்கண்டு, சர்பத்து, பானகம், எல்லாம் போச்சு. சோறு பாதி. புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கு. தூங்கற செல்லைத் தட்டி எழுப்பும். கேக்குதான்னு பாப்போம். கேக்கலன்னா ஊசி."

"களி எவ்ளோ வேணாலும் திங்கலாம்ல? கேவுரு சக்கரைக்கு நல்லதுன்னு..." என்று இழுத்தார் அய்யாவு.

"யாரு சொன்னா? களியும் அளவுதான். அதுவும் உள்ள போனா சக்கரைதான், கொஞ்சம் மெதுவா."

இது பாஞ்சாலிக்கே அதிர்ச்சி. பெங்களூரில் கேழ்வரகுக் களியைக் குறை சொல்லி யாரும் கேட்டதில்லை.

"இது வயசானா எல்லாருக்கும் வருமா டாக்டரம்மா?" என்றாள்.

"வேகம் குறையறது எல்லாருக்கும். வியாதி எல்லாருக்கும் இல்ல. சிலருக்குக் கடைசி வரைக்கும் தாங்கும். அப்பா அம்மாவுக்கு இருந்திருந்தா ஜாஸ்தி பயம். ஏன் ஒருத்தருக்கு வருது, ஒருத்தருக்கு வரலன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

"எங்கப்பன் கடைசி காலத்துல சொம்பும் கையுமாத்தான் திரிஞ்சாரு" என்றார் அய்யாவு. "நாங்க பேய் புடிச்சிருக்குன்னு மந்திரிச்சோம்."

நீலத் திரவம் ஒரு பாட்டில், கண்ணாடிக் குழாய், பிடிக்க மர இடுக்கி எல்லாம் வீட்டுக்கு வந்தன. ஜோகுபாளையத்து லைன் வீட்டில் ரகசியம் ஏது? முதல் நாள் காலையில் பாஞ்சாலி ஸ்டவ்வைப் பற்றவைத்துக் குழாயைக் காட்டியபோது ஜன்னலில் ஐந்து தலை. இரண்டாம் நாள் வாசலில் கூட்டம். பொதுக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். சிறுநீர் என்பது மறந்து, வாணவேடிக்கை பார்க்கிற முகங்கள்.

"இன்னிக்கு இன்னா கலரு பாஞ்சாலி?" என்று அடுத்த வீட்டு எல்லம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள்.

"ஆரஞ்சு."

"நேத்தைக்கு செவப்பு. அப்போ பர்வாயில்ல."

வாரம் செல்லச் செல்ல மஞ்சள் வந்தது. தாகம் கொஞ்சம் அடங்கியது. ஒரு நாள் காலையில் பச்சை வந்தபோது லைன் முழுக்க 'பச்சை, பச்சை' என்று செய்தி பரவியது. அய்யாவு வெளியே வந்து ஓட்டில் ஜெயித்த வேட்பாளர்போல் கும்பிட்டார். மறுநாளே குழாய் மறுபடி செங்கல் நிறத்துக்குப் போனது. பாஞ்சாலி குழாயை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"எத?"

"கற்கண்ட."

"சத்தியமா இல்ல."

"நீ பொய் சொல்லுவ. குழாய் சொல்லுமா?"

கார்னெட் பெட்டியின் வெல்வெட்டுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலம் வெளியே வந்தது. பாஞ்சாலி அதை எல்லம்மா வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அய்யாவு ஏலக்காய்க்கு மாறினார். முதலில் வாய் வறண்டது. பிறகு, டாக்டர் சொன்னபடியே, ரத்தத்தில் சர்க்கரை இறங்க இறங்க வாய் தானாகவே ஈரமாயிற்று. ஒரு நாள் ஒத்திகையில் ஒரு முழுப் பாட்டைக் கற்கண்டு இல்லாமல் ஊதி முடித்துவிட்டு உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்கியது. அதற்கு மாத்திரை இல்லை.

ராமநவமி வந்தது. அல்சூர் முழுக்கப் பந்தல். பந்தலுக்குப் பந்தல் பானகம், நீர்மோர், ஊறவைத்த பயற்றம்பருப்புக் கோசம்பரி. பஜனைக்கூடத்து ராமர் படம் பூப்பல்லக்கில் ஏறியது. முன்னால் பேண்டு. எல்லோருக்கும் முன்னால், இரண்டு இடத்தில் உள்ளே பிடித்துத் தைத்த கோட்டில், அய்யாவு. ஞானசேகரன் குச்சியோடு பக்கவாட்டில் நடந்தார். கண் அய்யாவின் கைமேலேயே இருந்தது. அந்தக் கை உயர்ந்தால் முடிந்தது கதை. டிரம்முக்குப் பின்னால் சிரில் புதிதாகப் பாலிஷ் போட்ட ஷூவில் வந்தான்.

அய்யாவு நடந்தார். பானகப் பந்தலில் தம்ளரை நீட்டினார்கள், தலையசைத்துவிட்டு நடந்தார். அடுத்த பந்தலில் நீர்மோர் வாங்கி நடந்தபடியே ஒரு வாய். வழக்கமாக முதலில் நிற்கும் வீடு வந்தது. உள்ளே எந்த அவசரமும் இல்லை. தாண்டிப்போனார். அடுத்ததையும் தாண்டினார். ஞானசேகரனின் முகம் மலர்ந்தது. ஆனால் பின்னால் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. தாண்டிவந்த வாசல்களில் ஜாடியும் தம்ளருமாக நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கேத்தரின் அம்மாள் முணுமுணுக்கிற ரகம் இல்லை. தன் வீட்டையும் பேண்டு தாண்டப்போகிறது என்று தெரிந்ததும் சர்பத் ஜாடியோடு தெருவின் நடுவுக்கு வந்து, அய்யாவுக்கு எதிரே நின்றுவிட்டார். பேண்டு நின்றது. பல்லக்கு நின்றது. பின்னால் வந்த கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றது.

"இன்னா அண்ணே, எங்க வீடு கண்ணுக்குத் தெரியலியா?"

ஞானசேகரன் ஓடிவந்தார். "யாருய்யா நிறுத்தினது? யோவ் அய்யாவு, நான் இன்னா சொன்னேன்?"

அய்யாவு இரண்டு கைகளையும் கார்னெட்டோடு சேர்த்துக் காட்டினார். "நான் கையத் தூக்கல மாஸ்டர். கூட்டமே சாட்சி."

"அம்மா, வழி விடுங்க. சாமி வருதில்ல?"

"சாமி நிக்கும், அதுக்கு என்னா அவசரம்? வருஷா வருஷம் இவரு எங்க வாசல்ல நின்னு ஊதுவாரு. இந்த வருஷம் ஏன் இல்ல? நான் கிறிஸ்டியன்னு பாக்கறாரா? இத்தன வருஷம் பாக்கலியே!"

பின்னால் இருந்த வாசல்களுக்கும் அப்போதுதான் தைரியம் வந்தது. "எங்க வீட்டையும் தாண்டிட்டாரு!" "எங்க பாட்டையும் ஊதல!" "காசு குடுக்கற வீட்டுலதான் நிப்பாங்களா?" பஜனைக்கூடத்துத் தலைவர் பல்லக்கின் பக்கத்திலிருந்து கூவினார். "மாஸ்டர், ஜல்தி! அவங்க கேக்கற பாட்ட ஊதிட்டு வாங்க!"

ஞானசேகரன் குச்சியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "சரி, நில்லுய்யா. நின்னு ஊது."

"நின்னா இடம் சிரிலுக்குன்னு சொன்னீங்களே."

"நீயா நின்னாத்தான்யா. இப்போ நான் சொல்றேன், நில்லு."

"கூட்டத்துக்குக் கேக்கறாப்ல சொல்லுங்க மாஸ்டர்."

கூட்டம் சிரித்தது. ஞானசேகரனும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அய்யாவு கேத்தரின் வீட்டு வாசலைப் பார்த்துத் திரும்பி, கார்னெட்டை உயர்த்தி, அந்த அம்மாளுக்குப் பிடித்த பாட்டை ஊதினார். வாத்துச் சத்தம் வரவில்லை. உச்ச சுரம் ஏறி, நின்று, இறங்கியது. முடிந்ததும் கேத்தரின் சர்பத்தை நீட்டினார்.

"வேணாம்மா."

"ஏன், விஷமா கலந்திருக்கேன்?"

"உடம்புக்கு ஆகாது. சக்கரை வியாதி." பிறகு, இத்தனை வருஷத்து ஏமாற்று வேலை மனத்தை உறுத்தியதோ என்னவோ, குரலைத் தாழ்த்தினார். "நான் இங்க நின்னதே... அது வந்து..."

"கொல்லைக்குப் போறதுக்குத்தான். எனக்குத் தெரியாதா? சந்துல சொம்பு நிறையத் தண்ணி எடுத்து வெச்சது யாருன்னு நெனச்சீங்க?"

அய்யாவு சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்கு நின்னா என்னா?" என்றார் கேத்தரின். "பாட்டு எங்க வாசலுக்குத்தானே." ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "அது சரி அண்ணே, அந்தச் சக்கரை எப்படித் தெரிஞ்சுது? எனக்கும் அம்பத்தஞ்சு ஆகுது. ராத்திரியில குடம் குடமாக் குடிக்கிறேன். நாக்கு ஒட்டிக்குது. வெயிலுன்னுதான் இருந்தேன்."

"வெயிலுன்னுதான் நானும் இருந்தேன். நாளைக்குக் காலைல பாகீரதி டாக்டர்கிட்ட போங்க. ஒரு நீலத் தண்ணி வெச்சிருக்காங்க. பயப்படாதீங்க, பாக்கவே ஷோக்கா இருக்கும்."

ஞானசேகரன் தொண்டையைச் செருமினார். தாண்டிவந்த வீடுகளுக்கு ஒரு கும்பிடு போட்டுச் சமாதானம் சொல்லியாயிற்று. இனி ஏரிக்கரை வரைக்கும் வழக்கமான வாசல்கள் ஒவ்வொன்றிலும் நின்றுதான் ஆக வேண்டும். நின்று ஊதுவதற்கும் நடந்து ஊதுவதற்கும் சேர்த்து அய்யாவுக்கு மூச்சு போதாது என்பது அவருக்கும் தெரிந்தது. அய்யாவின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணு செய். வாசல்ல நிக்கறப்போ நீ ஊது. நடக்கறப்போ சிரில் ஊதட்டும். நீ அப்போ பின்னாடி போய் ஸ்வல்பம் மூச்சு வாங்கிக்க."

"சிரிலு ஊதட்டும்" என்றார் அய்யாவு. "நல்லா ஊதட்டும். நான் பின்னாடி போகமாட்டேன்."

"ஊதாதவன் முன்னாடி நடந்து இன்னாய்யா பண்ணுவ?"

"நடப்பேன்."

மாஸ்டர் சிரிலைப் பார்த்தார். சிரில் டிரம்மைச் சுற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தான். கண்ணைச் சுருக்கி, தெருவை, கூட்டத்தை, மாடியிலிருந்து எட்டிப்பார்க்கும் பெண்களை எல்லாம் முதன்முதலாகப் பார்த்தான்.

"முன்னாடி அண்ணனே நடக்கட்டும் மாஸ்டர்" என்றான். "வாசல் எது எதுன்னு அவருக்குத்தான் தெரியும். நான் பக்கத்துல நின்னு ஊதறேன். அந்த டிரம்மு முதுக மட்டும் இன்னொரு தடவ பாக்கச் சொல்லாதீங்க."

பல்லக்குத் தூக்கிகள் தோளை மாற்றிக்கொண்டார்கள். முனியப்பன் டிரம்மில் ஓர் அடி அடித்தார். ஒருவர் இருந்த இடத்தில் இருவர் நடந்தார்கள். சிரில் ஊதினான். அய்யாவு கார்னெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தெருவின் நடுவில் நேராக நடந்தார். அடுத்த வாசல் நெருங்கியபோது, ஞானசேகரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தாராளமாகக் கையைத் தூக்கினார்.